வால்பாறையில் ஒரு பேருந்து நாள்: கடைசி வண்டியிலிருந்து திட்டமிடுங்கள்

ஊர் பார்க்கப் பேருந்தில் போகிறவர்கள் உண்டு. பேருந்து பார்க்க ஊருக்குப் போகிற கூட்டமும் ஒன்று உண்டு, நான் இரண்டாவது. ஒரு முழு நாளைப் பேருந்திலேயே கழிக்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது பொள்ளாச்சி – வால்பாறைதான். ஏறத்தாழ 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்தால் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிரியும் உள்ளூர்த் தடங்கள். காரும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு வரும் வெளியூர்த் தனியார் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள்; அரசுப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவரை அதற்காக யாரும் நிறுத்துவதில்லை.

சாப்பாடும் டீயும் சேர்த்து ஒரு ஆளுக்கு 500 ரூபாய் எடுத்துப் போனால் மிச்சத்தோடு வீடு திரும்பலாம்.

முதலில், கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

எல்லோரும் முதல் வண்டியை விசாரிப்பார்கள். மலையில் விசாரிக்க வேண்டியது கடைசி வண்டியை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அசிங்கமானது.

சில வருடங்களுக்கு முன்பு, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வால்பாறையிலிருந்து ஒரு எஸ்டேட் வண்டியில் ஏறினேன். முக்கால் மணி நேரம் போவது, அதே வண்டியில் திரும்புவது என்று கணக்கு. எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். நடத்துநர் கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி எங்க போகோணும்?"

"வால்பாறைங்கண்ணா. திரும்பிப் போகுமில்ல?"

"போகும் தம்பி. காலைல. வண்டி இங்கயே ஹால்ட்டுங்க."

தப்பு என்னுடையது, ஏறும்போதே கேட்டிருக்க வேண்டும். லைன் வீடு என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த ஒருவர் தெரிந்த ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினார். நாள் முழுக்கப் பேருந்துக்குச் செலவழித்ததைப் போலப் பல மடங்கு அந்த ஒரு ஜீப்புக்குக் கொடுத்தேன்.

காலையில் தொழிலாளர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றி வரவேண்டும் என்பதற்காக, மலைத் தடங்களில் கடைசி வண்டி கடைக்கோடியிலேயே இரவு தங்கும். அந்த ஊருக்கு அது பெரிய வசதி; நமக்குப் பொறி. ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குக் கடைசி வண்டி எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முந்தைய வண்டியையே உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி கைக்காவல். மதியம் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வரும் நேரத்துக்கும் பொள்ளாச்சி வண்டிக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

நேரங்களை எங்கே பார்ப்பது? போனில் கிடைக்கும் பட்டியலை நம்பி மலை ஏறாதீர்கள். பேருந்து நிலையச் சுவரில் எழுதியிருப்பதும் எந்த வருடம் எழுதியதோ. நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். கூண்டு போன்ற அறையில், முன்னால் ஒரு நீளப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். "சோலையாறு வண்டி எப்போ?" என்று மட்டும் கேட்டால் நேரம் சொல்வார். "சோலையாறு போய்ட்டு இதே வண்டியில திரும்பி வரணும், எதுல போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் தலை நிமிரும். எந்த வண்டி உடனே திரும்பும், எது ஹால்ட், எது இன்றைக்கு ஓடவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எந்த நாளில் போவது

வார நாள். சனி ஞாயிறில் சுற்றுலாக் கூட்டம். பொள்ளாச்சியிலேயே சன்னல் சீட்டு போய்விடும். ஏப்ரல், மே பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தமிழ்நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மண் சரிந்தால் சாலை மூடும். மழை விட்ட பிறகு, செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, எனக்குப் பிடித்த காலம். பனி மூட்டம் இருக்கும், ஆனால் வண்டி ஓடும்.

பையில் என்ன

சில்லறை. பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு. நடத்துநர் கையில் உள்ள கருவி போன் பணம் வாங்கினாலும், மலைப்பாதையில் சிக்னல் போய்விடும். அவரும் நீங்களும் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஐந்து வளைவு தாண்டிவிடுவீர்கள்.

ஒரு ஸ்வெட்டர் அல்லது சால்வை, குடை, சிறிய நோட்டு, பேனா. பென்சில் இன்னும் நல்லது, வண்டி குலுங்கும்போதும் எழுதும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பார்ப்பார்கள். வளைவுகள் வயிற்றைப் புரட்டும் என்றால் இஞ்சி மரப்பா, அதுவும் போதாது என்றால் மாத்திரை; வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், பத்தாவது வளைவில் அல்ல. மழைக்காலத்தில் போனால் அட்டைக்காகக் கொஞ்சம் உப்பு.

பொள்ளாச்சியில் ஏறுவது

கோவையிலிருந்து வருகிறவர்கள் உக்கடத்தில் பொள்ளாச்சி வண்டி பிடித்து வரலாம். ஆனால் முந்தைய இரவே பொள்ளாச்சியில் தங்கிவிடுவதுதான் என் வழக்கம். ஆறு, ஆறரைக்கு வால்பாறை வண்டியில் உட்கார்ந்துவிட்டால் ஒன்பது, ஒன்பதரைக்கு மேலே இருக்கலாம்.

பேருந்துப் பித்தர்களுக்குப் பொள்ளாச்சி சும்மா ஒரு மாறுமிடம் இல்லை. 1931ல் நாச்சிமுத்து கவுண்டர் தொடங்கிய ஏ.பி.டி., அதாவது ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், இந்த ஊரில் பிறந்தது. 1972ல் பேருந்துகள் அரசுடைமையானபோது கோவைப் பக்கத்துக்குச் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997ல் சேரன், சோழன், பாண்டியன் என்ற பெயர்களெல்லாம் போய், எல்லாம் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆயின. அறுபது வயதைத் தாண்டியவர்கள் சிலர் இன்னமும் "சேரன் வண்டி வந்துருச்சா?" என்று கேட்பதை நான் பொள்ளாச்சியில் கேட்டிருக்கிறேன். சொல்லப்போனால் அந்தப் பழைய பெயர்கள்தான் எனக்கும் பிடிக்கும்.

ஏறும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பதிவெண்ணில் டிஎன்னுக்கும் அடுத்த இரண்டு இலக்கங்களுக்கும் பிறகு 'என்' என்ற எழுத்து இருந்தால் அது அரசுப் போக்குவரத்துக் கழக வண்டி. டிஎன் 38 என்று தொடங்கினால் கோவையில் பதிவானது. கிளையின், அதாவது டெப்போவின், பெயர் பெரும்பாலும் வண்டி மேலேயே எழுதியிருக்கும். பொள்ளாச்சிக் கிளை வண்டியா, வால்பாறைக் கிளை வண்டியா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை. வால்பாறை வண்டி என்றால் அந்த ஓட்டுநருக்கு இந்த மலை வீட்டுத் திண்ணை மாதிரி.

எங்கே உட்காருவது? கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால் பகுதி ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் வீசும். வயிறும் கூடவே போகும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள வரிசைகள் ஆட்டம் குறைந்தவை. சாலை பார்க்க வேண்டும் என்றால் முன்னால்தான். ஆனால் முன்வரிசையில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தால் அது உங்கள் வண்டிக்காதலுக்காகக் காலியாக இல்லை, விட்டுவிடுங்கள். வலப் பக்கமா இடப் பக்கமா என்று கேட்பவர்களுக்கு: கொண்டை ஊசியில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பள்ளத்தாக்கு பக்கம் மாறும். அரை மணி நேரம் பொறுத்தால் உங்கள் பக்கமும் வரும்.

40ல் ஒன்று, 40ல் இரண்டு

ஆழியாறு வரை தென்னந்தோப்பு. அணை தெரிந்ததும் நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடி தாண்டி, குரங்கு அருவி தாண்டி, ஏற்றம் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை: 1/40, 2/40. எண்ணிக்கொண்டே போகலாம் என்பதால் குழந்தைகளுக்கும் பிடித்த பாதை.

ஒரே ஒரு வளைவை மட்டும் ஓட்டுநரின் கையைப் பார்த்துக்கொண்டே கடந்து பாருங்கள். வளைவு வருவதற்கு முன்பே ஹாரன், நீளமாக ஒன்று. பிறகு கியர் இறங்கும். இன்ஜின் சத்தம் தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல மாறும். உள்பக்கம் ஒட்டித் திருப்பினால் பின் சக்கரம் பாறையில் ஏறிவிடும், அதனால் வண்டியை வெளி விளிம்பு வரை கொண்டு போவார். அவருடைய இருக்கை முன் சக்கரத்துக்கும் முன்னால் தள்ளி இருக்கிறது. சக்கரம் தார்ச் சாலையில் இருக்கும்போதே வண்டியின் மூக்கு தடுப்புச் சுவருக்கு மேலே போய்விடும். கண்ணாடிக்கு வெளியே ஒரு நொடி சாலையே இருக்காது, ஆழியாறு அணை மட்டும் இருக்கும். அந்த நொடியில்தான் ஸ்டியரிங் முழுக்க ஒடியும். கை மேல் கை போட்டு நாலு சுற்று. வண்டி நிமிரும்போது ஸ்டியரிங் தானாகவே கைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பி வரும். அவர் அதைப் பிடிக்கக்கூட மாட்டார், வழியனுப்புவது போல உள்ளங்கையை வைத்திருப்பார்.

எதிரே லாரி வந்தால் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். மலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இதைத் தெரியாத கார்க்காரர் ஒருவராவது வழியில் மாட்டுவார். ஓட்டுநர் கோபப்பட மாட்டார். இன்ஜினை ஓடவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கார் தானாகப் பின்னால் போகும்.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ, இந்தச் சாலையை அமைத்த பொறியாளர் லோம் பெயரில். கார்கள் அங்கே நிற்கும், பேருந்து நிற்காது. வருத்தப்பட வேண்டாம்; பேருந்தின் சன்னல் காரைவிட உயரம். அட்டகட்டியை நெருங்கும் வளைவுகளில் தடுப்புச் சுவரைப் பாருங்கள், வரையாடு நிற்கலாம். நம் மாநில விலங்கை இவ்வளவு குறைந்த கட்டணத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அட்டகட்டிக்கு மேல் தேயிலை. கவர்க்கல் பக்கம் பனி இறங்கினால் பகலிலேயே விளக்கு போட்டு ஓட்டுவார்கள். அப்புறம் அய்யர்பாடி, ரொட்டிக்கடை. ஆமாம், ரொட்டிக்கடை என்று ஒரு ஊர். நடத்துநர் "ரொட்டிக்கடையெல்லாம் இறங்கு" என்று கத்தும்போது சுற்றுலாப் பயணிகள் பசியோடு எட்டிப் பார்ப்பார்கள். புதுத்தோட்டத்தில் மரங்களின் மேலே சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, தென்படலாம். அந்தத் தோட்டம் வந்தால் வால்பாறை வந்துவிட்டது.

மேலே போனதும்

முதலில் டீ. பிறகு நேரக் காப்பாளர். இந்த வரிசை முக்கியம், டீ குடிக்காத முகத்தோடு விசாரித்தால் பதில் ஒரு சொல்லில் வரும்.

எஸ்டேட் வண்டிகளின் பலகைகளை வாசிப்பதே அரை மணி நேரப் பொழுதுபோக்கு: ஷேக்கல்முடி, முடீஸ், தாய்முடி, நல்லமுடி, சின்கோனா, அக்காமலை, கருமலை, சோலையாறு. முடி என்றால் மலையுச்சி; மூணாறுப் பக்கத்து ஆனைமுடியில் இருக்கிற அதே முடி. முடீஸ் என்பது அந்த முடிகளுக்குத் துரைமார் போட்ட ஆங்கிலப் பன்மையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு நாளில் எத்தனை தடம் போகலாம்? ஆசைப்பட்டால் மூன்று. நான் சொல்வது இரண்டு: காலையில் ஒரு நீளத் தடம், மதியம் ஒரு குட்டைத் தடம். மூன்றாவது தடத்துக்காக ஓடுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை.

நீளத் தடத்துக்குச் சோலையாறு அணைப் பக்கம் போங்கள். கேரள எல்லையில் உள்ள மளுக்கப்பாறை வரை போகும் அதே சாலை. போக மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. குட்டைத் தடத்துக்கு முடீஸ் அல்லது அந்த நேரத்தில் எது உடனே திரும்புகிறதோ அது. விதி ஒன்றுதான்: போன வண்டியிலேயே திரும்புங்கள். கடைக்கோடியில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். இறங்கலாம், டீ குடிக்கலாம், ஆனால் வண்டி கண்ணில் படும் தூரத்துக்குள். நடத்துநர் விசில் இரண்டு முறை அடித்தால் கிளம்பிவிட்டது என்று பொருள். ஒன்று அடித்தால் நிறுத்தம், இரண்டு அடித்தால் போகலாம்.

எஸ்டேட் வண்டி பொள்ளாச்சி வண்டியைப் போல இருக்காது. யாரும் ஊர் பெயர் சொல்லிச் சீட்டு வாங்குவதில்லை. நடத்துநருக்கு முகம் தெரியும், இறங்குமிடம் தெரியும், சில சமயம் மருமகள் ஊருக்குப் போனதும் தெரியும். நான் போன ஒரு வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டி மேல், செய்தித்தாள் கட்டு, ரொட்டி அட்டைப் பெட்டி, ஒரு மிக்ஸி ஜார், நாலாக மடித்த மருந்துச் சீட்டு ஒன்று. முதல் மூன்றும் வால்பாறையிலிருந்து எஸ்டேட்டுக்கு. மருந்துச் சீட்டு காலையில் எஸ்டேட்டிலிருந்து வந்து, மருந்து தீர்ந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தேயிலைக் காட்டுக்கு நடுவே ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. நிறுத்தம் என்று எதுவும் இல்லை, ஒரு பாட்டி மட்டும் நின்றிருந்தார். நடத்துநர் மருந்துச் சீட்டை நீட்டி, "நாளைக்கு வருமாம் ஆத்தா" என்றார். அவர் ஏறவில்லை. இரண்டு விசில்.

பெண்கள் கவனத்துக்கு: 2021ல் சாதாரண நகரப் பேருந்துகளில் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத்தை வால்பாறை, கொடைக்கானல், நீலகிரி மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். இலவசம் என்றாலும் சீட்டு தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இங்கே பல வருடங்களாக யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியிலும் விளக்கிலும் ஊருக்குச் சொல்லி வருகிறது. விளக்கைப் பார்த்துவிட்டு இறங்கிப் படம் எடுக்கலாமா என்று ஓட்டுநரிடம் கேட்காதீர்கள். அவர் திரும்பிப் பார்க்கும் பார்வை நாள் முழுக்க மறக்காது.

நோட்டும் கேமராவும்

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். பதிவெண், கிளை, ஏறிய நேரம், இறங்கிய நேரம், கட்டணம், வழியில் வந்த ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) பெயர்கள். இவ்வளவு போதும். பெயர்களைப் பலகையில் உள்ளபடி எழுதாமல் நடத்துநர் சொல்லுகிறபடி எழுதுங்கள்; இரண்டும் வேறு வேறாக இருக்கும், சுவையானது இரண்டாவது.

படம் எடுப்பதில் ஒரே மரியாதை: ஓட்டுநரையோ நடத்துநரையோ கேட்காமல் எடுக்கக் கூடாது. புகார் வீடியோ என்று நினைத்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. "அண்ணா, எனக்குப் பஸ்ஸுன்னா பைத்தியம், வண்டியை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் இதுவரை என்னிடம் வேண்டாம் என்றவர் ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பலகையை நேராக்கிவிட்டு நின்றார்கள்.

நீளமாகப் போக நினைத்தால்

ஒரே நாளில் திரும்ப வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வரை தமிழ்நாட்டு வண்டி, அங்கிருந்து கேரள அரசுப் பேருந்தில் வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி. பெரும்பகுதி காட்டுக்குள்ளேயே ஓடும் தடம். கேரள வண்டிகளின் பதிவெண் கேஎல் 15 என்று தொடங்கும். அது அவர்களுடைய அரசுப் பேருந்துகளுக்கென்றே ஒதுக்கிய எண். வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம். வால்பாறையில் இரவு தங்கி, காலையில் கிளம்புவதே சரி. சாலக்குடியில் இறங்கினால் ரயில் இருக்கிறது.

இறக்கம்

வால்பாறையிலிருந்து நாலு மணி வாக்கில் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வளைவுகளைத் தாண்டிவிடலாம். இறங்கும்போது பலகைகள் தலைகீழாக வரும்: 40, 39, 38. காலையில் இன்ஜினைக் கேட்டீர்கள், இப்போது பிரேக்கைக் கேளுங்கள். நல்ல ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார், மிதித்துக்கொண்டே இருக்க மாட்டார். ஏறிய அதே சிறு கியரில்தான் இறங்குவார், வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். காற்று 'புஸ்' என்று வெளியேறும் சத்தம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றோ இரண்டோ.

இந்த முறை பின் வரிசைக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வண்டியில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். இருபது தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் எல்லாம் சேர்ந்து மறுபக்கம் சாயும்.

வீட்டுக்குப் போனதும் படுக்கும் முன் அன்றைய சீட்டுகளையெல்லாம் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். கருவியில் அடித்துத் தரும் தாள் வெப்பத்தில் அச்சாவது. சில மாதங்களில் எழுத்து வெளிறிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம். என்னிடம் அப்படி வெறும் வெள்ளைத் தாளாகிப்போன முப்பது சீட்டுகள் இருக்கின்றன. எது எந்தத் தடம் என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.